மைக்கேல் சூசைராஜ்

மைக்கேல் சூசைராஜ் (பிறப்பு: 1994) தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீரர் ஆவார். இடக்கால் ஆட்டக்காரரான இவர் இடப்புற நடுக்கள வீரராகவும், பின்னர் இடப்புற ஓரக்காவலராகவும் ஆடியவர். 2017 முதல் 2023 வரையிலான காலத்தில் சென்னை சிட்டி, ஜம்சேத்பூர், ஏடிகே, ஏடிகே மோகன் பகான், ஒடிசா என ஐந்து பெயர்கள் பொறித்த சீருடைகளை அணிந்தார். இவற்றுள் ஏடிகே, ஏடிகே மோகன் பகான் என்ற பெயர்கள் வழக்கொழிந்துவிட்டன. சென்னை சிட்டி 2020–21 பருவத்துக்குப் பின்னர் ஐ-லீக்கில் ஆடவில்லை.

ஒரே கழகத்தில் நிலைத்து நில்லாமல் ஒப்பந்தம் முடியும்தோறும் ஊர் மாறி ஆடும் தொழில்முறை வீரர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. இந்தியாவில் வீரர் மட்டுமன்றிக் கழகமும் இடம்பெயர்கிறது, பெயர் மாறுகிறது, சில வேளைகளில் இல்லாமலும் போகிறது. சூசைராஜின் ஆட்ட வாழ்வு அதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

சூசைராஜ் இரவிபுத்தன்துறை என்னும் கடற்கரைச் சிற்றூரில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே, கேரள எல்லை வரை இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என எட்டு ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளன. ஆழ்கடலில் பல நாட்கள் தங்கிச் சுறா பிடிப்பதில் இவ்வூர்களின் மீனவர்கள் பெயர் பெற்றவர்கள். இவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறைக் காற்பந்தாட்ட வீரரே.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை முழுவதிலும் காற்பந்தாட்டம் ஊர் விளையாட்டாக வேரூன்றியுள்ளது. கிழக்கே முட்டத்தை அடுத்து, வள்ளியாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள கடியப்பட்டணம் தொடங்கி, குளச்சல், இனயம் வழியாக நீரோடி வரை செல்பவர் ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலும் தேவாலயத்துக்கு அருகிலோ மணற்பரப்பிலோ ஒரு பந்துத் திடலைக் காணலாம். ஊருக்கு ஊர் கழகங்கள் உண்டு. திருவிழாக் காலங்களில் ஊர்களுக்கிடையே போட்டிகள் நடைபெறும். மட்டைப்பந்தாட்டம் நாட்டின் பிற பகுதிகளைக் கைப்பற்றிய பின்னும் இக்கடற்கரை பெரும்பாலும் காற்பந்தையே பற்றி நின்றது.

இதற்குப் பல காரணங்கள் உள்ளன. முதலாவது எளிமை. ஒரு பந்தும், இலக்குக் கம்பங்களாக நட்ட நான்கு கழிகளும் போதும். காலணி வேண்டியதில்லை. இரண்டாவது அண்மை. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நீரோடிக்கு அப்பால் எல்லையைத் தாண்டியதும் வரும் பொழியூர், சந்தோஷ் கோப்பை வீரர்கள் பலரைக் கேரளத்துக்கு அளித்த கடற்கரை ஊராகும். தூத்தூர் வட்டார ஊர்கள் இன்றும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கடியப்பட்டணமோ கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே மேற்குக் கோடியில் பிறந்த ஓர் இளைஞன் ஆட்டத்தை நம்பி ஊரைவிட்டுப் புறப்படும்போது அவனுக்கு முன்னே திருவனந்தபுரம், சென்னை என இரு வழிகள் இருந்தன. முன்னது அருகில் இருந்தது. பின்னது ஓர் இரவுப் பயணம். சூசைராஜ் சென்னை வழியில் சென்றவர்.

மணலில் ஆடிப் பழகியவர்களின் ஆட்டத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்றுண்டு. தளர்ந்த மணலில் பந்து சீராக உருளாது. நீண்ட தரைக் கடத்தல் பயன்படாது. பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு எதிராளியைத் தாண்டிச் செல்பவனே அங்கு முன்னேற முடியும். சூசைராஜின் ஆட்டத்தில் பின்னாளில் பாராட்டப்பட்ட குறுகிய இடத்துப் பந்து நகர்த்தல் இவ்வகையைச் சேர்ந்தது.

இம்மணற்பரப்பு ஆடுகளமாக மட்டும் இருப்பதன்று. வள்ளங்கள் ஏற்றப்படுவதும், வலை பழுது பார்க்கப்படுவதும், மீன் உலர்த்தப்படுவதும் அங்கேதான். எஞ்சிய இடமே ஆட்டத்துக்கு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் ஏறி அதையும் எடுத்துக்கொள்ளும். கடலரிப்பைத் தடுக்கக் கற்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் கட்டப்பட்டுள்ள இடங்கள் பலவற்றில் சிறுவர்கள் ஆடுவதற்கான மணல் பழைய அகலத்தில் இல்லை.

சென்னை சிட்டி

தமிழ்நாட்டில் நெடுங்காலம் காற்பந்தாட்டம் என்பது வேலைக்கான வழியாக இருந்தது. இரயில்வே, வங்கி, சுங்கத்துறை, வருமானவரித்துறை, ஐசிஎஃப் போன்ற நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் வேலை அளித்துத் தத்தம் அணிகளைச் சென்னை லீக்கில் ஆடவிட்டன. இந்தியன் வங்கி தேசியக் காற்பந்து லீக்கிலும் ஆடியது. எல்லைக்கு அப்பால் திருவாங்கூர் ஸ்டேட் வங்கி அதே வேலையைச் செய்தது. அவ்வங்கி 2017இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. இவ்வணிகளில் சேர்ந்தவர் முப்பத்தைந்து வயதில் ஆட்டத்தை நிறுத்தினாலும் அறுபது வயது வரை சம்பளம் பெற்றார். கடற்கரைக் குடும்பங்கள் பந்தாட்டத்தைப் பிள்ளைகளுக்கு அனுமதித்ததில் இவ்வேலை வாய்ப்புக்குப் பெரும் பங்குண்டு.

அலுவலக வேலையை நம்பாமல் ஒப்பந்தத்தை மட்டும் நம்பி ஆடும் தலைமுறையைச் சேர்ந்தவர் சூசைராஜ். சென்னை சிட்டி கழகம் 2016–17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. மினெர்வா பஞ்சாப் கழகமும் அதே பருவத்தில்தான் சேர்க்கப்பட்டது. உள்ளூர் வீரர்களைப் பெரும்பாலும் நம்பித் தொடங்கிய சென்னை சிட்டி முதற்பருவத்தில் பட்டியலின் அடிப்பகுதியில் போராடியது. மறுபருவத்தில் கழகத்தின் ஆட்டங்கள் சென்னையிலிருந்து கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றப்பட்டன.

2017–18 ஐ-லீக் பருவம் நவம்பர் 25 அன்று தொடங்கியது. ஐந்து நாட்களில், நவம்பர் 30 அன்று, ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியது. ஆழ்கடலில் இருந்த தூத்தூர் வட்டார மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அவ்வட்டாரத்து எட்டு ஊர்களும் பல வாரங்கள் துக்கத்திலும் போராட்டத்திலும் இருந்தன. அவற்றுள் ஒன்றில் பிறந்த சூசைராஜ் அப்பருவத்தில்தான் நாடறிந்த வீரரானார். அணி மீண்டும் எட்டாம் இடத்தையே பெற்றபோதும், மோகன் பகானை அதன் சொந்தக் களத்திலேயே 2–1 என வென்றது. பருவ முடிவில் ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள வீரருக்கான விருது சூசைராஜுக்கு வழங்கப்பட்டது. பட்டியலின் கீழ்ப்பகுதியில் முடித்த ஓர் அணியின் வீரருக்கு இவ்விருது கிடைப்பது அரிது.

ஜம்சேத்பூர்

அக்காலத்தில் இந்தியாவில் ஐ-லீக், இந்தியன் சூப்பர் லீக் என இரு லீக்குகள் இணையாக நடைபெற்று வந்தன. பணமும் தொலைக்காட்சி வெளிச்சமும் பின்னதில் இருந்தன. அதுவே முதன்மை லீக்காகும் என்பதை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு 2019 அக்டோபரில் உறுதிசெய்தது. ஆகவே ஐ-லீக்கில் பெயர் பெற்ற ஒருவர் சூப்பர் லீக்குக்குச் செல்வது இயல்பான அடுத்த படியாகக் கருதப்பட்டது. 2018இல் சூசைராஜ், டாட்டா ஸ்டீல் நிறுவனம் முந்தைய ஆண்டில் தொடங்கிய ஜம்சேத்பூர் கழகத்தில் சேர்ந்தார்.

ஸ்பெயின் நாட்டுப் பயிற்றுநர் செசார் ஃபெராண்டோவின் அணியில், ஆத்திரேலியாவின் டிம் காகில் போன்றோருடன் இணைந்து ஆடினார். சூப்பர் லீக்கில் அப்போது ஓர் அணி ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டு வீரர்களைக் களமிறக்க முடிந்தது (2021–22 முதல் இது நான்காகக் குறைக்கப்பட்டது). அவ்வைவரும் பெரும்பாலும் நடுத் தற்காப்பு, நடுக்களத்தின் மையம், முன்களம் ஆகிய இடங்களை நிரப்பினர். இந்தியர்களுக்கு எஞ்சியவை ஓரங்கள். ஐ-லீக்கில் ஆட்டத்தை நடுவிலிருந்து நடத்தியவர்கள் பலர் சூப்பர் லீக்கில் கோட்டோரம் ஒதுங்க நேர்ந்ததற்கு இதுவே காரணம். சூசைராஜ் இடப்புறக் கோட்டில் தமக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொண்டார். கோல்களும் அடித்தார். ஆயினும் ஜம்சேத்பூர் ஐந்தாம் இடத்தில் முடித்து, அரையிறுதி வாய்ப்பை ஓர் இடத்தில் தவறவிட்டது.

அதே பருவத்தில், அவர் விட்டுவந்த சென்னை சிட்டி ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினெர்வா பஞ்சாபை 3–1 என வென்று, சிங்கப்பூர்ப் பயிற்றுநர் அக்பர் நவாஸின் அணி கோப்பையை எடுத்தது. எட்வின் வன்சுபால் முதலிய தமிழ்நாட்டு வீரர்கள் அவ்வணியில் இருந்தனர். முந்தைய பருவத்தின் சிறந்த நடுக்கள வீரர் இல்லை.

ஒப்பந்தமும் கழக மாற்றமும்

தொழில்முறை வீரரின் ஒப்பந்தம், பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பின் விதிகளின்படி, குறைந்தது நடப்புப் பருவ முடிவு வரையும் மிகுதியாக ஐந்து ஆண்டுகள் வரையும் செல்லும். ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்களே எஞ்சியிருக்கும்போது வீரர் வேறொரு கழகத்துடன் கட்டணமின்றிக் கையெழுத்திடலாம். அதற்கு முன் செல்ல வேண்டுமாயின் புதிய கழகம் பழைய கழகத்துக்குத் தொகை செலுத்தி விடுவிக்க வேண்டும். பதிவு செய்வதற்குப் பருவத் தொடக்கத்திலும் இடையிலுமாக ஆண்டுக்கு இரு காலவெளிகள் உண்டு. அவ்வெளிகள் மூடியபின் கழகமில்லாது நிற்கும் வீரருக்கு அப்பருவம் பெரும்பாலும் வீணே.

இந்தியக் கழகங்கள் பலவும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களையே விரும்புகின்றன. பயிற்றுநர் மாறினால் அணியும் மாறுகிறது. எனவே நன்றாக ஆடியவரும் ஊர் மாறுகிறார், நன்றாக ஆடாதவரும் ஊர் மாறுகிறார். முன்னவருக்குப் பெரிய கழகம், பின்னவருக்குச் சிறிய கழகம் என்பதே வேறுபாடு.

வீரர் மாறும்போது அவரைச் சிறுவயதில் வளர்த்த கழகங்களுக்கும் ஒரு பங்கு சேர வேண்டும் என்பது பன்னாட்டு விதி. நாடு விட்டு நாடு மாறும்போது செலுத்தப்படும் தொகையில் 5 விழுக்காடு, வீரர் 12 முதல் 23 வயது வரை பதிவு பெற்றிருந்த கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்படும். முறையான பதிவில்லாத கடற்கரை ஊர் அணிகளுக்கு இத்தகைய ஏற்பாடுகளால் பயனில்லை. கடியப்பட்டணத்திலோ இரவிபுத்தன்துறையிலோ மணலில் பந்தாடக் கற்றுக்கொடுத்த மூத்தவர்களுக்கு, பையனைத் தொலைக்காட்சியில் பார்ப்பதே கைம்மாறு.

இவ்வாறு கழகம் கழகமாகச் சென்ற தமிழ்நாட்டு வீரர்களில் சூசைராஜுக்கு முந்தைய தலைமுறையின் பெயர் தஞ்சாவூர்க் குலோத்துங்கன். 'காலியா' என்று கொல்கத்தா இரசிகர்களால் அழைக்கப்பட்ட இவர் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், பவானிப்பூர், மும்பை, விவா கேரளா ஆகிய அணிகளுக்கு ஆடினார். 2003இல் சகார்த்தாவில் ஆசியான் கழகக் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியிலும் இருந்தார். 2018 ஜனவரியில் தஞ்சாவூரில் இருசக்கர வாகன விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 40. சூசைராஜ் சென்னை சிட்டியில் பெயர் பெற்றுக்கொண்டிருந்த அதே பருவம் அது.

ஏடிகே

2019இல் சூசைராஜ் கொல்கத்தாவின் ஏடிகே கழகத்தில் சேர்ந்தார். சகோதரர் ரெஜினும் அதே அணிக்கு வந்தார். பயிற்றுநர் அந்தோனியோ லோபஸ் அபாஸ் மூன்று நடுத் தற்காப்பாளர்களை நிறுத்தி, அவர்களுக்கு இருபுறமும் ஒவ்வோர் ஓரக்காவலரை வைத்து ஆடும் முறையைக் கையாண்டார். வலப்புறம் பிரபீர் தாஸ், இடப்புறம் சூசைராஜ்.

இம்முறையில் ஓரக்காவலரின் வேலை கடினமானது. அணி தாக்கும்போது அவர் முன்கள வீரர். பந்து பறிபோனதும் பின்கள வீரர். கோட்டோரம் முழுவதும் அவர் ஒருவருடையது. தற்காப்பில் பெரிதும் பழகாத ஒரு நடுக்கள வீரரை அங்கே நிறுத்தியது துணிச்சலான முடிவு. பிஜியின் ராய் கிருஷ்ணாவும் ஆத்திரேலியாவின் டேவிட் வில்லியம்சும் முன்களத்தில் பெற்ற வாய்ப்புகளில் பல இவ்விரு ஓரங்களிலிருந்து வந்தவை என்பதால், முடிவு சரியானதே எனலாம்.

ஏடிகே லீக் சுற்றில் 34 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பெங்களூருவிடம் 0–1 எனத் தோற்று, மறு ஆட்டத்தில் 3–1 என வென்றது. 2020 மார்ச் 14 அன்று கோவாவின் ஃபதோர்டா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னையின் கழகத்தை 3–1 எனத் தோற்கடித்துப் பட்டம் வென்றது. கொரோனாத் தொற்றின் காரணமாக அவ்வாட்டம் பார்வையாளர் இன்றி நடைபெற்றது. கன்னியாகுமரி வீரர் ஒருவரின் அணி சென்னை அணியை வென்று நாட்டின் பெரிய பட்டத்தைப் பெற்றபோது அரங்கின் இருக்கைகள் வெறுமையாக இருந்தன.

பதினான்கு நிமிடங்கள்

பட்டம் வென்ற சில மாதங்களில் ஏடிகே என்ற கழகமே இல்லாது போனது. நூற்றாண்டு கடந்த மோகன் பகானின் காற்பந்துப் பிரிவுடன் இணைந்து ஏடிகே மோகன் பகான் ஆனது. 2020–21 பருவம் முழுவதும் கோவாவில், மூடிய அரங்குகளில் நடத்தப்பட்டது. நவம்பர் 20 அன்று பம்போலிமில் கேரளா பிளாஸ்டர்சுக்கு எதிரான தொடக்க ஆட்டத்தில் சூசைராஜ் களமிறங்கினார். ஆட்டத்தின் முதற்கால் மணிநேரத்துக்குள், 14ஆம் நிமிடமளவில், முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவருக்கு மாற்றாகச் சுபாசிஸ் போஸ் வந்தார். ராய் கிருஷ்ணாவின் ஒரே கோலால் அணி வென்றது. சூசைராஜுக்கு அப்பருவம் அத்துடன் முடிந்தது.

முழங்கால் காயம் ஓர வீரரை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தாக்கும். அவருடைய ஆட்டமே விரைவிலும் திடீர்த் திருப்பத்திலும் நிற்கிறது. நேராக ஓடுவதற்குக் கால் சில மாதங்களில் தேறிவிடலாம். முழு வேகத்தில் ஓடி, ஒரே காலை ஊன்றித் திரும்பும் நம்பிக்கை வர நெடுநாள் ஆகும். அதற்குள் அவ்விடம் வேறொருவருடையதாகிவிடும். இங்கும் அதுவே நிகழ்ந்தது. மாற்றாக வந்த சுபாசிஸ் போஸ் இயல்பாகவே தற்காப்பாளர். அணியின் நிலையான வீரரானார். அப்பருவத்தில் ஏடிகே மோகன் பகான் லீக் சுற்றிலும் இறுதியாட்டத்திலும் மும்பை சிட்டிக்கு அடுத்த இடத்தையே பெற்றது. மறுபருவத்தில் சூசைராஜ் திரும்பிவந்தபோது முன்போல் தொடர்ந்து ஆடும் வாய்ப்பு அமையவில்லை.

ஒடிசா

2022இல் சூசைராஜ் ஒடிசா கழகத்துக்கு மாறினார். இதுவும் இடம்பெயர்ந்த கழகமே. தில்லி டைனமோஸ் என்ற பெயரில் தலைநகரில் இயங்கி, 2019இல் புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்து பெயர் மாற்றிக்கொண்டது. 2022–23 பருவத்தில் ஒடிசா ஆறாம் இடம் பெற்று முதன்முறையாகத் தகுதிச் சுற்றுக்கு முன்னேறியது. அங்கே கொல்கத்தாவில் 0–2 எனத் தோற்றது. தோற்கடித்தது ஏடிகே மோகன் பகான். அவ்வணி அப்படியே சென்று மார்ச் 18 அன்று பெங்களூருவைத் தண்ட உதையில் வென்று பட்டத்தையும் பெற்றது. கழகத்தின் பெயர் மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் என மாற்றப்படும் என்ற அறிவிப்பு அன்றிரவே வந்தது.

இவ்வாறு சூசைராஜ் விட்டுச் சென்ற கழகம் அடுத்த பருவத்திலேயே நாட்டின் பட்டத்தை வெல்வது இரண்டாம் முறையாக நிகழ்ந்தது. இடையில் 2021–22இல் ஜம்சேத்பூரும் லீக் கேடயத்தை வென்றிருந்தது. ஒடிசாவுக்கு ஆறுதலாக அமைந்தது 2023 ஏப்ரல் 25 அன்று கோழிக்கோட்டில் நடந்த சூப்பர் கோப்பை இறுதியாட்டம். பிரேசிலின் தியேகோ மவுரீசியோ அடித்த இரு கோல்களால் ஒடிசா பெங்களூருவை 2–1 என வென்றது. அது அக்கழகத்தின் முதற்கோப்பையாகும்.

இந்திய அணி

ஜம்சேத்பூரில் ஆடிய பருவத்தின் முடிவில், 2019 ஜூனில் தாய்லாந்தின் புரிராமில் நடைபெற்ற கிங்ஸ் கோப்பைக்கான இந்திய அணியில் சூசைராஜ் தெரிவு செய்யப்பட்டார். குரோவாசியாவின் இகோர் ஸ்டிமாச் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற பின் நடந்த முதற்போட்டி அது. இந்தியா குராசோவிடம் 1–3 எனத் தோற்று, பின்னர் தாய்லாந்தை 1–0 என வென்று மூன்றாம் இடம் பெற்றது. ஐ-லீக்கில் தோன்றி இரண்டே ஆண்டுகளில் தேசிய அணியின் முகாமை எட்டிய அவருக்கு, முழங்காலில் காயம் நேர்ந்த பம்போலிம் ஆட்டம் அதற்குப் பதினேழு மாதங்களுக்குப் பின் வந்தது.